எது அருள், எது நம் கைவேலை?

வெசாக் நெருங்கிவிட்டால் நுகேகொடைச் சந்தியிலிருந்து தெல்கந்த வரைக்கும் ஹைலெவல் வீதியின் இரு பக்கமும் பௌத்தக் கொடிதான். கடை வாசலில், பஸ் முகப்பில், ஓட்டோக் கம்பியில், மேம்பாலத்தின் ஓரச் சுவரில் எல்லாம் அது பறக்கும். நீலம், மஞ்சள், சிவப்பு, வெள்ளை, செம்மஞ்சள், கடைசியில் ஐந்தும் சேர்ந்த ஒரு பட்டை. புத்தர் ஞானம் பெற்ற வேளையில் அவர் திருமேனியிலிருந்து எழுந்த கதிர்களின் நிறங்கள் அவை என்று பிள்ளைகள் படிக்கிறார்கள். போதிமரக் காலத்திலிருந்தே இந்தக் கொடி வருகிறது என்று நம்புகிறவர்களும் உண்டு.

கொடிக்கு ஒன்றரை நூற்றாண்டு வயதுகூட ஆகவில்லை. கொழும்பில் கூடிய ஒரு குழு அதை வடிவமைத்தது. வரைந்தவர் கரோலிஸ் பூஜித குணவர்தன. நீள அகலத்தை மற்ற நாடுகளின் கொடிகளைப்போல் வைத்துக்கொள்ளலாம் என்று யோசனை சொன்னவர் அமெரிக்கரான கேணல் ஒல்கொட். 1885 ஏப்ரல் 28, வெசாக் நாளன்று, கொட்டாஞ்சேனை தீபதுத்தமாராம விகாரையில் மிகெட்டுவத்தே குணானந்த தேரர் அதை ஏற்றினார்.

அதற்கு இரண்டு வருடங்களுக்கு முன் இதே கொட்டாஞ்சேனையில் இரத்தம் சிந்தியது. 1883 மார்ச் 25, ஈஸ்டர் ஞாயிறு. குணானந்தரின் விகாரையை நோக்கி வந்த பௌத்த ஊர்வலத்துக்கும் கத்தோலிக்கருக்கும் இடையே கலவரம் மூண்டது. குற்றவாளிகள் தண்டிக்கப்படவில்லை என்ற கோபம் பௌத்தர்களிடம் இருந்தது. அந்த முறைப்பாட்டைத் தூக்கிக்கொண்டு ஒல்கொட் 1884 இல் லண்டன் போனார். அடுத்த வருடமே வெசாக் பௌர்ணமி அரச விடுமுறையானது, கொடியும் ஏறியது. இன்று எல்லாருடைய மனதிலும் அமைதியின் அடையாளமாக நிற்கும் நாளுக்கும் கொடிக்கும் பின்னால் ஒரு தெருச் சண்டையும், ஒரு குழுவின் கூட்டங்களும், ஒரு வெளிநாட்டாரின் கப்பல் பயணமும் இருக்கின்றன.

மதம் மனிதன் கண்டுபிடித்ததா, கடவுள் அருளியதா என்று கேட்டால் உடனே எல்லாரும் வானத்தைப் பார்க்கிறார்கள். நான் கொட்டாஞ்சேனையைப் பார்க்கச் சொல்கிறேன். இந்த நகரத்தில் மதம் உருவாகும் விதத்தைத் தேதியோடு பார்க்கலாம்.

ஆடிவேல் விழாவை எடுத்துக்கொள்ளுங்கள். கொழும்புத் தமிழருக்கு அதைவிடத் தொன்மையான, அதைவிடத் தெய்வீகமான திருநாள் வேறு இல்லை. செட்டியார் தெருவிலிருந்து வெள்ளி ரதம் பம்பலப்பிட்டிக்கும் வெள்ளவத்தைக்கும் வரும்போது கண் கலங்காதவர் யார்? காலராவுக்குப் பயந்து கதிர்காம யாத்திரையை ஆங்கிலேயர் கட்டுப்படுத்திய காலத்தில், அங்கே போக முடியாதவர்கள் இங்கேயே முருகனுக்கு விழா எடுத்ததுதான் அதன் தொடக்கம் என்பார்கள். ஆண்டு 1874. ஒரு தொற்றுநோய்க் கட்டுப்பாடு ஒரு திருவிழாவைப் பெற்றெடுத்தது. பௌத்தர் பக்கமும் அப்படித்தான். நுகேகொடைக்காரர் பலர் பெல்லன்வில விகாரையில் போதி பூஜை செய்துவிட்டு வருகிறார்கள். இன்றுள்ள வடிவில் கூட்டமாக உட்கார்ந்து சிங்களப் பாட்டோடு நடத்தும் அந்தப் பூஜையைப் பரப்பியவர் பாணந்துறை ஆரியதம்ம தேரர். காலம் 1970கள். ரிச்சர்ட் கொம்பிரிட்ச், கணநாத் ஒபேசேகர போன்ற ஆய்வாளர்கள் அது வளர்வதைக் கண்ணெதிரே பார்த்து எழுதியிருக்கிறார்கள்.

பௌத்தருக்கு இதனால் பெரிய சங்கடம் இல்லை. நுகேகொடை கங்கொடவிலவில் இருக்கும் ஸ்ரீ ஜயவர்தனபுரப் பல்கலைக்கழகம் முன்பு வித்யோதயப் பல்கலைக்கழகம். ஹிக்கடுவே சுமங்கல தேரர் 1873 இல் மாளிகாகந்தையில் தொடங்கிய பிரிவெனாவின் வழி வந்தது. 1960களின் பிற்பாதியில் அதன் துணைவேந்தராக இருந்தவர் வல்பொல ராகுல தேரர். அவர் 1959 இல் எழுதிய ‘புத்தர் போதித்தது என்ன’ என்ற ஆங்கில நூல் தொடக்கத்திலேயே ஒரு விஷயத்தை நிறுவிவிடுகிறது. மதங்களை நிறுவியவர்களில் புத்தர் ஒருவரே தன்னை மனிதனுக்கு மேலாகச் சொல்லிக்கொள்ளாதவர், எந்தத் தெய்வமும் தனக்கு அருளியதாகக் கூறாதவர் என்பது அது. ஆனால் புத்தர் தம்மத்தை ‘நான் உண்டாக்கினேன்’ என்றும் சொல்லவில்லை. காட்டுக்குள் அலைந்த ஒருவன் பழைய பாதையைக் கண்டு, அதன் வழியே போய் மறைந்த நகரை அடைந்த கதையைச் சொன்னார். பாதை முன்பே இருந்தது, கண்டது மனிதன் என்பது அவர் நிலை.

நம் மரபிலும் பதில் இரண்டோடு முடிவதில்லை. மீமாம்சகர் வேதத்தை மனிதனும் செய்யவில்லை, கடவுளும் செய்யவில்லை என்றார்கள். செய்தவரே இல்லாத நூல் என்றார்கள். சைவர் அதை ஒப்பவில்லை. வேதமும் ஆகமமும் சிவன் வாக்கு என்றார்கள். ஆழ்வார் பாசுரத்தைப் பெருமாளே தன்னை ஆழ்வார் வாயால் பாடிக்கொண்டது என்று வைணவர் சொல்கிறார்கள். கத்தோலிக்கத் திருச்சபை 1965 இல், இரண்டாம் வத்திக்கான் சங்கத்தில், வேதாகமத்தை எழுதிய மனிதர்கள் தங்கள் சொந்த ஆற்றலோடு எழுதிய உண்மையான ஆசிரியர்கள், அதே வேளை கடவுள் அவர்கள் வழியே செயற்பட்டார் என்று எழுதி வைத்தது. இஸ்லாமியரின் நம்பிக்கையில் குர்ஆனின் ஒவ்வொரு சொல்லும் இறைவனுடையது, நபி அதைப் பெற்றுக் கொடுத்தவர்.

இத்தனை பதில்களுக்கு நடுவில் தமிழர்கள் இந்தக் கேள்வியை வைத்து ஒரு நூற்றாண்டின் பாதியைச் சண்டையில் கழித்தார்கள். நீதிமன்றம்வரை போனார்கள். அதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும்.

1867 இல் சென்னையில் வள்ளலார் எனப்படும் இராமலிங்க சுவாமிகளின் பாடல்கள் அச்சாகி வந்தன. தொகுத்தவர் அவருடைய மாணாக்கர் தொழுவூர் வேலாயுத முதலியார். நூலுக்குத் ‘திருவருட்பா’ என்று பெயர் வைத்தார், பகுதிகளுக்குத் ‘திருமுறை’ என்று பெயர் வைத்தார். பாடியவருக்கோ பட்டங்களில் ஆசை இல்லை. தன் பெயரோடு ‘சாமி’ என்று சேர்ப்பதுகூட ஆரவாரம் என்று கடிதம் எழுதித் தடுத்தவர் அவர்.

யாழ்ப்பாணம் நல்லூரிலிருந்து எதிர்ப்புக் கிளம்பியது. ஆறுமுக நாவலர் 1869 இல் ‘போலியருட்பா மறுப்பு’ வெளிவரச் செய்தார். தேவாரமும் திருவாசகமும் திருவிசைப்பாவும் திருப்பல்லாண்டும் பெரியபுராணமுமே அருட்பா. நம் காலத்தில் கண்முன் நடமாடும் ஒருவரின் பாட்டை அந்த வரிசையில் எப்படி வைப்பது என்பது அவர் தரப்பின் கேள்வி. எதிர்த்தவர்கள் அதை ‘மருட்பா’, அதாவது மயக்கத்தின் பாட்டு, என்றார்கள். சண்டை வழக்காகி அதே வருடம் கடலூர் மஞ்சக்குப்பம் நீதிமன்றத்தில் நின்றது. நாவலரும் வள்ளலாரும் மறைந்த பிறகும் சண்டை ஓயவில்லை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் யாழ்ப்பாணத்து நா. கதிரைவேற்பிள்ளை மருட்பாக் கட்சிக்குத் தலைமை தாங்கினார். அவருடைய மாணவர் திரு.வி.க. அவருக்காகச் சாட்சி சொன்னார். அருட்பாவின் பக்கம் மறைமலையடிகள் நின்றார். அதே பக்கம் நின்ற இன்னொருவர் சதாவதானி செய்குத்தம்பிப் பாவலர், ஒரு முஸ்லிம் புலவர். ஒரு சைவரின் பாட்டில் சிவன் அருள் உண்டு என்று மேடையேறி வாதாட ஒரு முஸ்லிம் வந்தார் என்ற செய்தியை நம் வீட்டுப் பிள்ளைகளுக்கு நாம் சொல்வதே இல்லை. இந்தக் கண்டனங்களையும் மறுப்புகளையும் ப. சரவணன் தேடித் தொகுத்திருக்கிறார். பொறுமையோடு படிக்க வேண்டிய தொகுப்பு அது. வசை ஒரு பக்கம், ஆழமான வாதம் ஒரு பக்கம்.

நாவலரின் கேள்வியை நான் இலேசாக எடுக்கவில்லை. யார் வேண்டுமானாலும் தன் பேச்சைக் கடவுள் பேச்சு என்று சொல்லிக்கொள்ளலாம் என்றால் அடுத்த நாள் ஊருக்கு ஒரு சாமி கிளம்பும். எல்லை வேண்டும் என்று அவர் நினைத்ததில் நியாயம் இருந்தது. ஆனால் எல்லையை முன்பு வகுத்தது யார்? சோழர் காலத்தில் நம்பியாண்டார் நம்பி தேவார ஏடுகளைத் திரட்டி முறைப்படுத்தினார் என்பது நம் வரலாறு. தொகுத்தவரின் பாடல்களே பதினோராம் திருமுறைக்குள் இருக்கின்றன. பன்னிரண்டாம் நூற்றாண்டில் சேக்கிழார் பாடிய பெரியபுராணம் பிறகு பன்னிரண்டாம் திருமுறையாகச் சேர்ந்தது. அருளின் பட்டியல் மனிதர் கையில் வளர்ந்திருக்கிறது. சேக்கிழார் எழுதிய நாளில் அவரும் நம் காலத்தவராக, கண்முன் நடமாடிய ஓர் அமைச்சராகத்தான் இருந்திருப்பார்.

நாவலரின் சொந்த வாழ்வு இதற்கு இன்னும் நெருக்கமான சாட்சி. யாழ்ப்பாணத்து வெஸ்லியன் பாடசாலையில், அதாவது இன்றைய மத்திய கல்லூரியில், படித்து அங்கேயே ஆசிரியராக இருந்தவர் அவர். பீற்றர் பேர்சிவல் பாதிரியார் வேதாகமத்தைத் தமிழாக்கியபோது உடனிருந்து உழைத்தவர். பாதிரிமார் வேலை செய்யும் முறையை அங்கே கூர்ந்து பார்த்தார். 1847 டிசம்பர் 31 அன்று வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலில் பிரசங்கம் தொடங்கினார். மறு வருடம் சைவப்பிரகாச வித்தியாசாலையை ஏற்படுத்தினார். அச்சகம் வைத்தார். கேள்வியும் பதிலுமாகச் ‘சைவ வினாவிடை’ எழுதினார். பிரசங்கம், பள்ளிக்கூடம், அச்சுக்கூடம், வினாவிடை எல்லாம் மிஷனின் கருவிகள். ஒல்கொட்டும் 1881 இல் பௌத்தருக்கு வினாவிடைப் புத்தகம் எழுதினார். இன்று நம் பிள்ளைகள் அறநெறிப் பாடசாலையில் கற்கும் சைவமும், பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் தஹம் பாசலில் கற்கும் பௌத்தமும் பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பாதிரியாரின் வகுப்பறையில் வடிவம் பெற்றவை. இதைச் சொல்வதால் நாவலரின் பெருமை குறையாது. அவர் இல்லாவிட்டால் யாழ்ப்பாணத்தில் சைவம் எந்த நிலையில் இருந்திருக்குமோ. நல்ல மனித உழைப்பை மனித உழைப்பு என்று சொல்லி மதிக்க வேண்டும் என்பதே என் வேண்டுகோள்.

1873 ஐயும் கவனியுங்கள். ஓகஸ்ட் 26, 28 ஆகிய இரு நாளும் பாணந்துறையில் குணானந்த தேரரும் வெஸ்லியன் போதகர் டேவிட் டி சில்வாவும், அவர் பக்கம் சிறிமான்னவும், ஆயிரக்கணக்கானோர் முன்னிலையில் வாதிட்டார்கள். உலகைப் படைத்தவன் உண்டா, ஆன்மா உண்டா, உங்கள் நூல் நம்பத்தக்கதா என்றெல்லாம் கேட்டுக்கொண்டார்கள். அந்த வாதத்தின் ஆங்கில அறிக்கைதான் கடல் தாண்டிப் போய் ஒல்கொட்டை 1880 இல் இங்கே வரவழைத்தது. வாதம் நடந்த அதே 1873 ஒக்ரோபரில், வடலூருக்கு அருகே மேட்டுக்குப்பத்தில், வள்ளலாரும் ஒரு கொடி ஏற்றினார். அங்கே பேசியபோது வேதம், ஆகமம், புராணம், இதிகாசம் எதிலும் இலட்சியம் வைக்க வேண்டாம் என்றார். தனக்குச் சைவ சமயத்தில் இருந்த பற்று எவ்வளவு பெரியது என்பதையும், அது இப்போது போய்விட்டது என்பதையும் தன் வாயாலேயே சொன்னார். அருட்பா பாடியவர், அருள் பெற்றவர் என்று அன்பர்கள் போற்றியவர், நூல்களை எல்லாம் ஒதுக்கிவிட்டுக் கடவுளை நோக்கிப் போனார். அருள் உண்டென்று நம்பியவரே, அருளின் பெயரால் எழுதப்பட்டவை எல்லாம் அருள் அல்ல என்றார். இந்தக் கேள்விக்கு நம் மொழியில் கிடைத்த மிகத் துணிச்சலான பதில் இதுதான் என்பது என் கருத்து.

நாவலர் படித்த அதே பாடசாலைக்கு 1928 இல் ஒரு தாவரவியல் ஆசிரியர் கேரளத்திலிருந்து வந்தார். ஆபிரகாம் தோமஸ் கோவூர். திருவல்லாவில் மார்த்தோமா சபையின் மூத்த குருவுக்குப் பிறந்தவர். அவரிடம் வேதாகம வகுப்பை ஒப்படைத்தார்களாம். பிள்ளைகள் பரீட்சையில் நன்றாகத் தேறினார்கள், ஆனால் நம்பிக்கையை இழந்துவிட்டார்கள் என்று அடுத்த வருடம் அந்த வகுப்பை அவரிடமிருந்து எடுத்துவிட்டார்கள் என்பார்கள். பல கல்லூரிகளில் கற்பித்து, கொழும்பு தேர்ஸ்டன் கல்லூரியிலிருந்து 1959 இல் ஓய்வு பெற்றார். வெள்ளவத்தையை ஒட்டிய பாமன்கடையில் குடியிருந்தார். பகுத்தறிவாளர் சங்கத்துக்குத் தலைமை தாங்கினார். ஏமாற்று இல்லாத சூழலில் ஒரு தெய்வ சக்தியையாவது காட்டுபவருக்கு ஒரு இலட்சம் ரூபா என்று 1963 இல் அறிவித்தார். 1978 செப்டெம்பரில் இறக்கும்வரை அந்தப் பணத்தை ஒருவரும் வாங்கவில்லை. பேய் பிடித்தவர்கள், வீட்டில் கல் விழுகிறது என்று நடுங்கியவர்கள், செய்வினைக்குப் பயந்தவர்கள் அவர் வாசலில் வந்து நின்றார்கள். பிசாசு என்று சொன்ன இடத்தில் அவர் மன நோயைக் கண்டார், அடக்கப்பட்ட ஆசையைக் கண்டார், குடும்பக் கொடுமையைக் கண்டார். அவருடைய குறிப்பேட்டுச் சம்பவம் ஒன்று 1973 இல் ‘மறுபிறவி’ என்று தமிழ்ப் படமாகவும் வந்தது. கண்களையும் உடலையும் தானமாகக் கொடுத்துவிட்டுப் போனார்.

கோவூர் செய்தது பெரிய தொண்டு. இன்றும் செய்வினை எடுக்கிறேன் என்று ஏழைகளிடம் ஆயிரக்கணக்கில் பிடுங்கும் கூட்டம் இருக்கிறது. அவரைப்போல் ஒருவர் இல்லையே என்று பல நாள் ஏங்கியிருக்கிறேன். ஆனால் அவர் சோதனை எதைச் சோதித்தது? வாயிலிருந்து லிங்கம் எடுப்பதையும், கையில் விபூதி வரவழைப்பதையும், முத்திரையிட்ட உறைக்குள் இருக்கும் எண்ணைச் சொல்வதையும் சோதித்தது. பசித்தவன் முகத்தைப் பார்த்த ஒருவருக்குள் எழுந்த தவிப்பை அந்த உறைக்குள் வைக்க முடியாது. வடலூரில் 1867 இல் வள்ளலார் மூட்டிய அடுப்பு அணையாமல் இன்றுவரை சோறு போடுகிறது. அவருடைய பாட்டு அருட்பாவா மருட்பாவா என்று மஞ்சக்குப்பம் நீதிமன்றம் தீர்க்க முடியாததை அந்த அடுப்பு தீர்த்து வைத்துவிட்டது என்றே நான் எண்ணுகிறேன்.

மூளையையும் மனத்தையும் ஆராய்கிறவர்களின் விளக்கத்தையும் ஒதுக்கக் கூடாது. புதர் அசைந்தால் காற்று என்று எண்ணாமல் யாரோ இருக்கிறார் என்று எண்ணும் இயல்பு மனிதனுக்கு உண்டு, தெய்வ எண்ணம் அங்கிருந்து முளைத்தது என்கிறார்கள் பஸ்கல் பொயர் போன்றவர்கள். மனிதன் தன் சிறந்த குணங்களை வெளியே நிறுத்தி வணங்கியதே கடவுள் என்று 1841 இலேயே ஜெர்மானியர் ஃபொயர்பாஹ் எழுதினார். 1932 இல் ஐரோப்பாவிலிருந்து திரும்பும் வழியில் கொழும்பில் பேசிய பெரியாரும், மதம் மனிதனின் கற்பனை என்ற நிலையில் நின்றவர்தான். இவை எல்லாம் மதம் எப்படித் தோன்றியிருக்கும் என்பதைச் சொல்கின்றன. தோன்றிய விதம் தெரிந்தால் அது பொய் என்று ஆகிவிடாது. கணக்குப் போடும் திறனும் மூளையில் வளர்ந்ததுதான், அதனால் கணக்குப் பொய்யாகிவிடவில்லை. ஆகவே இந்த ஆய்வுகளை வைத்து நாத்திகர் வெற்றிக் கொடி நாட்ட முடியாது. ஆத்திகரும் இவற்றைப் படிக்காமல் ஒளிந்துகொள்ளக் கூடாது.

என் முடிவைச் சொல்லிவிடுகிறேன். நம் கைக்கு எட்டிய எதுவும் மனிதர் கை படாதது அல்ல. நூலைத் தொகுத்தவர் மனிதர், சடங்கை வகுத்தவர் மனிதர், கொடியை வரைந்தவர் மனிதர், கோயில் கதவைப் பூட்டியவரும் மனிதர். அதற்கு அப்பால் ஒன்று சிலரைத் தொட்டிருக்கலாம். தொட்டது என்று நான் நம்புகிறேன். ஆனால் என் நம்பிக்கையைக் காட்டி இன்னொருவரின் வாயை அடைக்க எனக்கு உரிமை இல்லை. கடவுள் சொன்னார் என்று ஒருவர் சொல்லும்போது அங்கே பேசுவது மனிதர்தான். அவரை நாம் கேள்வி கேட்கலாம், கேட்கவும் வேண்டும்.

கேட்காததால் பட்டவை நம் ஊரிலேயே இருக்கின்றன. 1968 இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாசலில் ஒடுக்கப்பட்ட சாதி மக்கள் உள்ளே போகச் சத்தியாக்கிரகம் இருந்தார்கள். அவர்களை மறித்து நின்றவர் சி. சுந்தரலிங்கம். ஒக்ஸ்போர்டில் படித்தவர், கொழும்புப் பல்கலைக்கழகக் கல்லூரியில் கணிதப் பேராசிரியராக இருந்தவர், சுதந்திர இலங்கையின் முதல் அமைச்சரவையில் இடம்பெற்றவர். அவ்வளவு படித்தவரும் ஆகமத்தையும் வழமையையும் காட்டித்தான் சக மனிதரைத் தடுத்தார். 1957 ஆம் ஆண்டின் சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டத்தின் கீழ் அவர் மீது வழக்கும் நடந்தது. முருகன் போட்ட தடை அது என்று அன்று நம்பியவர்கள் இருந்தார்கள். இன்று அப்படிச் சொல்ல யாருக்காவது வாய் வருமா? முருகன் மாறவில்லை. தடையைப் போட்டது மனிதர் என்பது தெரிந்துவிட்டது.

முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டத்தைப் பற்றிய விவாதமும் இதே இடத்தில்தான் முட்டுகிறது. 1951 ஆம் ஆண்டுச் சட்டம் அது. அதன் வேர் ஒல்லாந்தர் 1770 இல் பத்தாவியாவிலிருந்து கொண்டுவந்த விதிக்கோவையிலும், ஆங்கிலேயர் 1806 இல் ஏற்ற சட்டத்திலும் இருக்கிறது. 12 வயதுக்குக் குறைந்த சிறுமியின் திருமணத்தைக்கூடக் காதியின் அனுமதியோடு பதிய அது இடம் வைத்தது. மணப்பெண்ணின் கையொப்பத்தை அது கேட்கவில்லை. இவற்றை மாற்றச் சொல்லி முஸ்லிம் பெண்களே போராடியபோது, ஷரீஆவில் கை வைக்காதீர்கள் என்ற குரல் எழுந்தது. நீதியரசர் சலீம் மர்சூப் தலைமையிலான குழு 2009 இல் அமைக்கப்பட்டது, அறிக்கை வர 2018 ஆயிற்று. அந்தப் பெண்கள் குர்ஆனை மறுக்கவில்லை. ஆண்கள் எழுதிய பிரிவுகளை ஆண்கள் எழுதியவை என்று சொன்னார்கள், அவ்வளவுதான்.

மருதானையில் சமூக சமய நடுநிலையத்தை நடத்திய அருட்தந்தை திஸ்ஸ பாலசூரிய 1990 இல் மரியாளைப் பற்றி ஒரு நூல் எழுதினார். பிறவிப் பாவக் கோட்பாட்டில் எவ்வளவு இயேசுவின் போதனை, எவ்வளவு பிற்காலத்தவரின் சேர்க்கை என்று கேட்டார். மரியாளைப் பணிந்து போகும் பெண்ணாக மட்டும் காட்டியது யாருக்கு வசதி என்று கேட்டார். 1997 ஜனவரியில் வத்திக்கான் அவரைச் சபைக்குப் புறம்பாக்கியது. உலகெங்கும் எழுந்த எதிர்ப்புக்குப் பின் மறு வருடம் தண்டனை நீக்கப்பட்டது. 2013 இல் அவர் குருவாகவே இறந்தார். கேள்வி கேட்ட ஒரு முதியவரால் திருச்சபை இடிந்துவிடவில்லை.

கேள்வியே கேட்காத பக்தியால் என்ன நடக்கும் என்பதை 2019 ஏப்ரல் 21 காட்டியது. அதுவும் ஈஸ்டர் ஞாயிறு. கொட்டாஞ்சேனைக்குப் பக்கத்தில், கொச்சிக்கடை அந்தோனியார் ஆலயத்தில் முதல் குண்டுகளில் ஒன்று வெடித்தது. கட்டுவாப்பிட்டியிலும் மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்திலும் ஹோட்டல்களிலும் சேர்த்து 250 பேருக்கு மேல் மாண்டார்கள். செவ்வாய்க்கிழமைகளில் சைவரும் பௌத்தரும் முஸ்லிம்களும் மெழுகுவர்த்தியோடு போய் நிற்கும் வாசல் அந்த அந்தோனியார் ஆலயத்தினுடையது. குண்டைச் சுமந்தவர்கள் இறைவனின் கட்டளையை நிறைவேற்றுவதாக நம்பினார்கள். அவர்களுடைய உடல்களை அடக்க இடம் தரமாட்டோம் என்று அகில இலங்கை ஜம்இய்யத்துல் உலமா சொன்னது. அதே மதம், அதே நூல். ஒரு பக்கம் கொன்றவர்களின் வாசிப்பு, மறுபக்கம் அதை மறுத்த அறிஞர்களின் வாசிப்பு. வாசித்தவர் மனிதரே என்பதை மறந்த இடத்தில் குண்டு வெடித்தது.

இந்த நாட்டில் சமயம் கட்டாயப் பாடம். சாதாரண தரம்வரை ஒவ்வொரு பிள்ளையும் தன் வீட்டு மதத்தைப் படித்துப் பரீட்சை எழுதுகிறது. சைவநெறிப் புத்தகத்தில் நாவலர் இருக்கிறார், நாயன்மார் இருக்கிறார்கள். அருட்பா மருட்பாச் சண்டையும் மாவிட்டபுரமும் வள்ளலாரின் மேட்டுக்குப்பப் பேச்சும் அவர்களோடு பக்கத்தில் இருக்கட்டும். பௌத்தப் பாடத்தில் கொடியின் ஆண்டும் 1883 கலவரமும் வரட்டும். கத்தோலிக்க வகுப்பில் பாலசூரியவைப் பற்றிப் பேசட்டும். இஸ்லாம் வகுப்பில் 1806 ஐயும் 1951 ஐயும் சொல்லட்டும். பாடத்திட்டம் மாறும்வரை காத்திருக்கவும் வேண்டியதில்லை. அடுத்த முறை உங்கள் பிள்ளை ‘இதைச் சாமியா சொன்னது?’ என்று கேட்டால் அதட்டாதீர்கள். யார் சொன்னார், எப்போது சொன்னார் என்று உட்கார்ந்து சேர்ந்து தேடுங்கள்.